ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாமா?

கேள்வி: துறையூர் பக்கம் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெண் பத்தாம் வகுப்பில் 431 எடுத்திருக்கிறாள். தமிழ் 92, ஆங்கிலம் 84, கணக்கு 78, அறிவியல் 86, சமூக அறிவியல் 91. படிப்பது அரசுப் பள்ளி, தமிழ் வழி. காமர்ஸ்தான் எடுப்பேன் என்கிறாள். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம், காமர்ஸ் என்றால் பேங்க் வேலையோடு சரி என்கிறார் என் மைத்துனர். பள்ளியில் கேட்டால், இந்த மார்க்குக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தருகிறோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் வருடா வருடம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு 27 வருடம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். மே மாதங்களில் அட்மிஷன் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மார்க் ஷீட்டை வாங்குவோம். 450க்கு மேல் என்றால் பயோ-மேத்ஸ், அதாவது கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப். 400க்கு மேல் சி.எஸ்., அதாவது உயிரியலுக்குப் பதிலாக கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்குக் கீழே காமர்ஸ். இன்னும் கீழே என்றால் வொக்கேஷனல், அதாவது தொழிற்கல்வி. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பின்னால் வரிசை நிற்கும். இந்த வரம்புகளை எங்கள் பள்ளியில் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். ஆகவே “இந்த மார்க்குக்கு சி.எஸ்.” என்று உங்களிடம் சொன்னவர் உங்கள் பெண்ணை எடைபோட்டுச் சொன்னார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த வகுப்பில் எத்தனை பெஞ்சு காலி என்று பார்த்துச் சொன்னது அது.

இப்போது மைத்துனர் சொன்னதில் உண்மையான பாதியைப் பார்ப்போம். சில படிப்புகளுக்கு +2வில் குறிப்பிட்ட பாடங்கள் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. பி.இ., பி.டெக். என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா எல்லாவற்றுக்கும் நீட். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல். கட்டடக்கலை படிக்க நேட்டா நுழைவுத் தேர்வோ ஜே.இ.இ.யின் கட்டடக்கலைத் தாளோ எழுத வேண்டும், +2வில் கணக்கும் இயற்பியலும் இருந்தாக வேண்டும். கப்பல் படிப்புக்கான ஐ.எம்.யு. நுழைவுத் தேர்வுக்கும் கணக்கு, இயற்பியல், வேதியியல். கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு நீட் கிடையாது, +2 மார்க்தான். ஆனால் உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்), இயற்பியல், வேதியியல் இல்லாமல் கிடைக்காது. பி.எஸ்சி. நர்சிங்கும் அப்படியே. பி.ஃபார்ம் மட்டும் கொஞ்சம் தாராளம்: இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ ஏதாவது ஒன்று போதும்.

பிற்பாடு ஞாபகம் வந்து பயனில்லாத விஷயங்கள் இவை. ப்யூர் சயின்ஸ் (கணக்கு இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்) படித்த பையன் ஒருவன் +2 முடித்துவிட்டு மே மாதம் என்னைத் தேடி வந்தான். சித்தப்பா கப்பலில் இருக்கிறார், நானும் போகிறேன் சார், எங்கே அப்ளிகேஷன் என்றான். கணக்கு இல்லாமல் நுழைவுத் தேர்வே எழுத முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 90க்கு மேல் எடுத்தவன். தாவரவியல் டீச்சர் நன்றாக நடத்துவார் என்று யாரோ சொன்னதால் அந்த குரூப்பில் சேர்ந்திருந்தான். உயிரியல் விட்டவர்களுக்காவது இப்போது ஒரு வழி உண்டு: +2 முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023ல் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி யாரும் குரூப் எடுக்க வேண்டாம், ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொதுவாக பயோ-மேத்ஸ் எடுத்து வைத்துவிட்டால் போதாதா? இங்கேதான் மைத்துனர் சொன்ன மறுபாதி உடைகிறது. விண்ணப்பம் போடத் தகுதி இருப்பது வேறு, இடம் கிடைக்கும் மார்க் இருப்பது வேறு.

பொறியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வை 2006ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது +2 மார்க்கிலிருந்து 200க்கு ஒரு கட்-ஆஃப். கணக்கு 100க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. கணக்கு 90, இயற்பியல் 84, வேதியியல் 86 எடுத்த பிள்ளைக்கு 90 + 42 + 43 = 175. கணக்கு 62, இயற்பியல் 58, வேதியியல் 64 எடுத்த பிள்ளைக்கு 62 + 29 + 32 = 123. இருவருமே ஃபர்ஸ்ட் குரூப்தான். மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, வருடா வருடம் இடம் மிஞ்சுகிறது. ஆகவே 123க்கும் சீட் கிடைக்கும். எந்தக் கல்லூரி, நான்கு வருடம் கழித்து அந்தக் கல்லூரி வாசலுக்கு எந்த கம்பெனி வரும் என்பதுதான் கேள்வி. நான்கு வருட ஃபீஸ், ஹாஸ்டல், அரியர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அதே பிள்ளை நல்ல கல்லூரியில் பி.காம். படித்திருந்தால் அப்பா கடனில்லாமல் இருந்திருப்பார்.

நீட் நிலவரம் இன்னும் கடுமை. மொத்தம் 720, அதில் உயிரியலுக்கு மட்டும் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. பத்தாம் வகுப்பில் உயிரியல் பிடிக்கும் என்பதை வைத்து நீட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் பெரும்பாலும் இயற்பியலில்தான் இடறி விழுகிறார்கள். டாக்டர்தான், வேறு எதுவும் வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு ப்யூர் சயின்ஸ் மோசமில்லை, கணக்குக்குச் செலவாகும் நேரம் மிச்சம். ஆனால் பதினைந்து வயதில் அந்த உறுதி யாருடையது, பிள்ளையுடையதா அம்மாவுடையதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே அறிவியல் ஆராய்ச்சியில் ஆசை இருக்கிற பிள்ளை என்றால் பயோ-மேத்ஸ் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வில் 60 கேள்வி. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. அந்த நான்கையும் சேர்த்துப் படிக்க இந்த ஒரு குரூப்தான் உண்டு. ஆனால் நான்கும் கனமான பாடம். +2வில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் விளக்கெரியும் வீடுகளில் பாதி பயோ-மேத்ஸ் வீடுகள்.

அடுத்து உங்களுக்குத் தருகிறோம் என்ற சி.எஸ். குரூப். சாஃப்ட்வேர் வேலைக்குப் போக கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வேண்டும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. தவறு. கட்-ஆஃப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் ஒரு பைசாவுக்கும் சேராது. பயோ-மேத்ஸ் படித்தவரும் சி.எஸ். குரூப் படித்தவரும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் முதல் வருடம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து புரோகிராமிங்கை ஆரம்பத்திலிருந்துதான் படிக்கிறார்கள். சி.எஸ். குரூப்பின் லாபம் வேறு: நான்காவது பாடத்தின் பாரம் குறைவு, அந்த நேரத்தைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கொடுக்கலாம். பொறியியல் நிச்சயம், மருத்துவம் வேண்டாம் என்பவருக்கு அது நல்ல பேரம். உங்கள் பெண் பொறியியல் கேட்கவே இல்லையே.

இப்போது அவளுடைய மார்க் ஷீட்டை எடுங்கள். நாம் எல்லோரும் மொத்தத்தைப் பார்க்கிறோம். நான் உள்ளே பார்க்கச் சொல்வேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசி இரண்டு கேள்விகள் எட்டு எட்டு மார்க்: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். இந்த 16 மார்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தே வாங்கிவிடலாம். டிசம்பர் மாதத்திலிருந்து எல்லாப் பள்ளியிலும் அதைத்தான் போட்டுத் தேய்ப்போம். உங்கள் பெண்ணும் அந்த 16ஐ முழுசாக வாங்கியிருப்பாள் என்று வைத்துக்கொண்டால், மீதி 84க்கு அவள் எடுத்தது 62. அறிவியலில் 25 மார்க் செய்முறை. அதிலும் முழுசாகக் கிடைத்திருக்கும் என்று வைத்தால், எழுதிய தாளில் 75க்கு 61. பரவாயில்லாத மார்க்தான். ஆனால் +1 இயற்பியலுக்கு இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த 61 எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பத்தாம் வகுப்பு அறிவியல் ஒரே தாளில் இயற்பியலும் வேதியியலும் தாவரமும் விலங்கும் கலந்திருக்கும். உயிரியல் பகுதியில் முழுசாக வாங்கிவிட்டு இயற்பியல் கணக்குகளைத் தொடாமலேயே வந்திருக்கலாம். அவளைக் கேட்டுப் பாருங்கள். “எந்தக் கேள்வியை விட்டாய்?” என்று கேட்டால் பிள்ளைகள் கூசாமல் சொல்லிவிடுவார்கள். “எந்தப் பாடம் பிடிக்கும்?” என்று கேட்டால்தான் டீச்சர் பெயரைச் சொல்வார்கள்.

+1 கணக்கில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். அதைச் சமாளித்துவிடலாம். முக்கோணவியலில் மூச்சு வாங்கும். பின்னால் எல்லை, வகையிடல், தொகையிடல் என்று வரும்போது பத்தாம் வகுப்பில் பழகிய “இந்த மாடலுக்கு இந்த ஸ்டெப்” முறை செல்லாது. பத்தில் 78 எடுத்த பிள்ளை +1 காலாண்டில் 45க்கு இறங்குவது எனக்குப் பழகிப்போன காட்சி. அரையாண்டுக்குள் எழுந்துவிடுகிறவர்களும் உண்டு. 98 எடுத்து வந்து 50ல் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் எழுந்திருக்க இன்னும் நாள் எடுத்துக்கொள்வார்கள், விழுந்து பழக்கமில்லை.

ஆகவே மார்க்கை விட நம்பகமான ஒரு பரீட்சை சொல்கிறேன். இந்தக் கோடை விடுமுறையிலேயே செய்யலாம். +1 பாடப் புத்தகங்கள் எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்காவிடம் பழைய புத்தகமாகவும் கிடைக்கும். ஒரு வாரம் இயற்பியலில் இயக்கவியல் பாடம், அதோடு கணக்கில் முக்கோணவியல். அடுத்த வாரம் கணக்குப்பதிவியலின் முதல் சில பாடங்கள், வணிகக் கணிதத்தில் ஒரு பாடம். தினம் ஒரு மணி நேரம் போதும். புரிகிறதா என்று கேட்காதீர்கள், யார் துணையும் இல்லாமல் யாருக்கும் எல்லாம் புரியாது. புரியாத இடத்தில் என்ன செய்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள். எதில் ஒரு கணக்கு வரவில்லை என்றதும் புத்தகத்தை மூடாமல் இன்னொரு தாளை எடுக்கிறாளோ, அது அவளுடைய குரூப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதைச் செய்துவிட்டு வந்த பிள்ளைகளில் பிறகு குரூப் மாற்றித் தாருங்கள் என்று வந்து நின்றவர் எனக்கு நினைவில்லை.

அவளிடம் இன்னொன்றும் கேளுங்கள்: காமர்ஸ் ஏன்? மூன்று காரணங்கள் வழக்கமாக வரும். நெருங்கிய தோழி அதில் சேர்கிறாள். இயற்பியல் பயம். அல்லது உண்மையிலேயே பிடித்திருக்கிறது. மூன்றாவதாக இருந்தால் உங்கள் வீட்டில் அதற்கு அடையாளம் இருக்கும். கடையில் உட்கார்ந்து பில் போடுவாளா? ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஆடிட்டர் ஆபீசுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாளா? சரக்கு வந்த விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் என்ன மிஞ்சியது என்று கேட்டிருக்கிறாளா? கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு காமர்ஸில் ஒரு முன் அனுகூலம் உண்டு. வகுப்பில் “கடனாளி, கடனீந்தோர்” என்று மற்றவர்கள் உருப்போடும்போது அவளுக்கு அது முகமும் பெயரும் உள்ள ஆட்கள்.

காரணம் இயற்பியல் பயம் மட்டும் என்றால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. காமர்ஸ் என்றால் கணக்கிலிருந்து தப்பித்தல் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் மூன்று வருடம் கழித்து மாட்டிக்கொள்கிறார்கள். சி.ஏ. படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் நான்கு தாள், ஒவ்வொன்றும் 100 மார்க். அதில் ஒன்று முழுக்க வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல். தப்பான விடைக்கு கால் மார்க் கழியும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் இல்லாமல் தேற முடியாது. பேங்க் தேர்வுகளில் கணக்கு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க +2வில் கணக்கு வேண்டும். பட்டம் முடித்து எம்.சி.ஏ. போக நினைத்தால் +2விலோ பட்டப்படிப்பிலோ கணக்கு படித்திருக்கிறாயா என்று கேட்பார்கள். முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் என்.டி.ஏ.வில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் விண்ணப்பிக்கலாம், பெண்களும் 2021லிருந்து எழுதலாம். ஆனால் 900 மார்க் எழுத்துத் தேர்வில் 300 கணக்குத் தாள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றுமே வேண்டும்.

நான் கணக்கு வாத்தியார், அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். 27 வருடத்தில் நான் பார்த்தது இதுதான்: இயற்பியலை விட்டவர்கள் பின்னால் வருத்தப்பட்டது குறைவு. உயிரியலை விட்டவர்கள் அதைவிடக் குறைவு. கணக்கை விட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்து “சார், இதற்கும் கணக்கு கேட்கிறார்கள்” என்பார்கள். குரூப் விஷயத்தில் என்னிடம் இருக்கும் ஒரே உறுதியான கருத்து இதுதான். பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று தெரியவில்லை என்றால், அறிவியல் முழுவதையும் தலையில் ஏற்றத் தேவையில்லை. ஏதாவது ஒரு வடிவத்தில் கணக்கை மட்டும் கையில் வைத்திருந்தால் போதும்.

காமர்ஸில் அந்த வடிவத்துக்குப் பெயர் வணிகக் கணிதமும் புள்ளியியலும். மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் வழக்கமாக இருக்கும். நான்காவது பாடம் பள்ளிக்குப் பள்ளி மாறும். கணினிப் பயன்பாடுகள், வரலாறு, அல்லது வணிகக் கணிதம். பெற்றோர் இந்த நான்காவது பாடத்தைக் கவனிப்பதே இல்லை. “காமர்ஸ் கிடைத்தது” என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். வணிகக் கணிதப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்: அணிகள் இருக்கின்றன, வகை நுண்கணிதம் இருக்கிறது, ஒட்டுறவு, நிகழ்தகவு இருக்கின்றன. கடைக்கணக்குப் புத்தகம் இல்லை அது. சி.ஏ. ஃபவுண்டேஷனின் கணக்குத் தாளுக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் இல்லை. இதைப் படித்தவர் பொறியியலுக்குப் போக முடியாது, அது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

காமர்ஸ் என்றால் பேங்க் வேலையோடு சரி என்பதற்கு வருகிறேன். சி.ஏ., சி.எம்.ஏ., கம்பெனி செக்ரட்டரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும்: அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருடப் படிப்புக்கு +2 மார்க், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் தேர்வு. நிஃப்ட், என்.ஐ.டி. (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) மாதிரியான இடங்களின் வடிவமைப்புப் படிப்புகளும், ஓட்டல் நிர்வாகமும் குரூப் பார்ப்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, ஐ.ஏ.எஸ். எதற்கும் ஏதோ ஒரு பட்டம்தான் தேவை. சென்னை ஐ.ஐ.டி. 2020ல் அறிவித்த டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்புக்குக்கூட +2வில் எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும், தகுதிச் சுற்றில் தேற வேண்டும். அந்தச் சுற்றில் கணக்கும் புள்ளியியலும் இருக்கின்றன. மறுபடியும் கணக்குதான் வந்து நிற்கிறது, பாருங்கள்.

இனி, பலர் யோசிக்காத ஒன்று. குரூப் கிடைக்கவில்லை என்று +1க்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். அப்படியே ஆங்கில வழிக்கும் மாற்றிவிடுகிறார்கள். மருத்துவத்தில் 2020லிருந்தும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021லிருந்தும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து +2 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் வெளியே போனால் முன்னால் படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இந்த ஆறு முதல் +2 வரை என்ற நிபந்தனை உண்டு. தமிழ் வழிக்கு இன்னொன்று: மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை. 2020ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டம் கேட்கும் வேலைக்கு +1லிருந்து ஆங்கில வழி போனவர் அந்த வரிசையில் நிற்க முடியாது. ஆங்கில வழிக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை; எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

எந்த குரூப்பாக இருந்தாலும் +1 வருடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2017-18ல் +1க்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்குக் காரணமே, பல பள்ளிகள் +1 பாடத்தை நடத்தாமல் நேரே +2 பாடத்துக்குத் தாவியதுதான். 2025-26லிருந்து அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, நல்லது. ஆனால் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் ஏறக்குறையப் பாதிப் பாடம் +1 பாடம். கணக்குப்பதிவியலில் +1ல் பேரேடும் இருப்பாய்வும் சரியாகப் படியாவிட்டால் +2வில் கூட்டாண்மைக் கணக்கு தலைக்கு மேலே போகும். எந்த மாதம் எந்தப் பாடம் நடக்கிறது என்று நீங்கள் அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது. பெற்றோர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் பாடம் நடக்கும்.

வொக்கேஷனல், பாலிடெக்னிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக இரண்டு வரி. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம், +2 இயற்பியல் தாளைப் பார்க்காமலேயே. கையால் செய்து கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது ராஜபாட்டை. வொக்கேஷனலில் வேளாண் அறிவியல் படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்திலும், இயந்திரவியல் மாதிரி பாடம் எடுத்தவர்களுக்குப் பொறியியலிலும் தனி இடங்கள் உண்டு. அட்மிஷன் மேசையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னதில்லை.

அந்த மேசையைப் பற்றி ஆரம்பித்தேன், ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஒரு வருடம் 372 மார்க்கோடு ஒரு பெண் வந்தாள். கணக்கில் மட்டும் 94. மற்றதெல்லாம் அறுபது, எழுபது. வீட்டில் என்ன நிலைமையோ. மேத்ஸ் குரூப் வேண்டும் சார் என்றாள். நான் மொத்தத்தைப் பார்த்துவிட்டு காமர்ஸ் என்று எழுதினேன், அதுவும் வரலாறு வைத்த காமர்ஸ். அவள் இன்னொரு தடவை கேட்டாள். பின்னால் வரிசை நின்றது. இரண்டு வருடம் என் வகுப்பைத் தாண்டித்தான் அவள் வகுப்புக்குப் போவாள். சில நாள் ஜன்னலோரம் நின்று கரும்பலகையைப் பார்த்துவிட்டுப் போவாள். அதன் பிறகு நான் மொத்தத்தை மடித்து வைத்துவிட்டு ஒவ்வொரு மார்க்காகப் பார்க்கப் பழகினேன். அவளுக்கு அது உதவவில்லை.

உங்கள் பெண் விஷயத்தில் என் கருத்து: அந்த இரண்டு வாரப் பரீட்சையில் அவள் இயற்பியலையும் முக்கோணவியலையும் விடாமல் பிடித்துக்கொண்டால் சி.எஸ். குரூப்பையும் ஒருமுறை யோசியுங்கள். இல்லையென்றால் அவள் கேட்ட காமர்ஸையே கொடுங்கள், வணிகக் கணிதத்தோடு. 91ம் 92ம் எடுக்கிற கை நன்றாக எழுதும் கை. வணிகவியலும் பொருளியலும் அவளுக்குச் சுமையாக இருக்காது. 78 எடுத்த கணக்கு வணிகக் கணிதத்துக்குத் தாராளமாகப் போதும்.

நாளைக்குப் பள்ளிக்குப் போகும்போது “காமர்ஸ் கிடைக்குமா?” என்று கேட்காதீர்கள். “காமர்ஸில் நான்காவது பாடம் என்ன?” என்று கேளுங்கள். கணினிப் பயன்பாடுகள் மட்டும்தான் என்றால், டி.சி. வாங்குவதற்கு முன்னால் துறையூரிலும் பக்கத்து ஊர்களிலும் எந்த அரசுப் பள்ளியில் வணிகக் கணிதம் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்றால் ஜூன், ஜூலைக்குள் போய்க் கேளுங்கள். இடம் இருந்தால் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.